1946-க்கு முந்தைய வெள்ளங்கள்: மைஷோஸ் கிராமமும் ஆர் பள்ளத்தாக்கும்

ஜெர்மனியின் மைஷோஸ் கிராமத்தை எந்தப் படத்தில் பார்த்தாலும் கண் முதலில் மேலேதான் போகும். செங்குத்தான மலைச்சரிவு, அதில் படிப்படியாகக் கல்லடுக்கு, ஒவ்வொரு படியிலும் திராட்சைக்கொடி, குன்றின் மேல் சாஃபன்புர்க் கோட்டையின் இடிபாடு. ஊர் எங்கே என்று தேடினால் அடியில் இருக்கிறது, ஆற்றுக்கும் மலைக்கும் நடுவில் கிடைத்த கொஞ்ச இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு. மக்கள்தொகை ஆயிரத்தை ஒட்டி. வெயில் நன்றாக விழும் நிலத்தையெல்லாம் திராட்சைக்குக் கொடுத்துவிட்டு மனிதர்கள் கீழே இறங்கிக்கொண்ட ஊர் இது. 2021 ஜூலை 14 இரவு அங்கே நடந்தது என்ன என்பதில் பாதி இந்த ஒரு விஷயத்திலேயே புரிந்துவிடும்.

அந்த இரவிலும் மறுநாள் விடியலிலும் மேற்கு ஜெர்மனியின் ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மட்டும் வெள்ளத்தில் 130-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ஜெர்மனி முழுவதும் சேர்த்தால் 180-க்கு மேல். இதைப் பற்றிப் பேசும்போது "யாரும் எதிர்பார்க்காத பேய்மழை" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். மழை பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் எதிர்பார்த்திருக்க முடியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இதே ஆறு இதே அளவுக்குப் பெருகி வந்தது ஊர்களின் பழைய ஏடுகளிலும் தேவாலயப் பதிவுகளிலும் இருந்தது. அபாயத்தைக் கணக்குப் போட்டவர்கள் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

சரி, முதலில் இடம்.

ஐஃபெல் மலைநாட்டில் பிளாங்கன்ஹைம் என்ற ஊரில், ஒரு பழைய மரச்சட்ட வீட்டின் நிலவறையில் ஊற்றாகக் கிளம்புகிறது ஆர். அங்கிருந்து 85 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடி, சின்சிக் ஊரைத் தாண்டி ரைன் நதியில் கலக்கிறது. சாதாரண நாளில் மைஷோஸுக்குச் சற்று மேலே உள்ள ஆல்டெனாரில் ஓடும் தண்ணீர் விநாடிக்கு சுமார் 7 கனமீட்டர், நம் கணக்கில் 250 கனஅடி. முழங்காலை நனைத்துக்கொண்டு கடந்துவிடலாம். ஆனால் இந்தச் சின்ன ஆற்றுக்குத் தண்ணீர் அனுப்பும் நீர்ப்பிடிப்புப் பரப்பு சுமார் 900 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பாலும் பாறை மேல் மெல்லிய மண், செங்குத்தான ஓடைகள். மண் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தால் மேலே விழும் மழை தங்குவதில்லை, வழுக்கிக்கொண்டு ஆற்றுக்கு வந்துவிடும். ஆல்டெனாருக்குப் பிறகு பள்ளத்தாக்கு இன்னும் குறுகி, ஆறு பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறது. ஒவ்வொரு வளைவிலும் ஓர் ஊர்: மைஷோஸ், ரெக், டெர்னாவ், மரியன்டால், வால்போர்ட்ஸ்ஹைம், பிறகு கொஞ்சம் அகலமான வெளியில் ஆர்வைலர், பாட் நொயெனார்.

இந்தக் குறுகலும் செங்குத்தும்தான் இங்கே ஒயின் தந்தன. ஐம்பது டிகிரி வட அட்சத்துக்கும் மேலே சிவப்புத் திராட்சை பழுப்பது எளிதில்லை. ஆனால் சரிவு தெற்கே பார்த்திருந்தால், கருஞ்சிலேட்டுக் கல் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு இரவில் அந்தச் சூட்டைக் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கும். மொத்தமே சுமார் 560 ஹெக்டேர், ஜெர்மனியின் மிகச் சிறிய ஒயின் வட்டாரங்களில் ஒன்று. வெள்ளை ஒயினுக்குப் பேர்போன நாட்டில் இங்கே ஐந்தில் நாலு பங்கு சிவப்பு. பெரும்பங்கு ஷ்பேட்புர்குண்டர், அதாவது பிரான்சில் பினோ நோவா எனப்படும் அதே திராட்சை. அதன் முந்திப் பழுக்கும் உறவான ஃப்ரூபுர்குண்டரும் இந்தப் பள்ளத்தாக்கின் செல்லப்பிள்ளை. படிக்கட்டு நிலங்களைத் தாங்கும் சுவர்கள் சாந்து இல்லாமல் கல்லின் மேல் கல் வைத்துக் கட்டியவை. மழைத்தண்ணீர் கல் இடுக்கு வழியாக வடிந்துவிடும், பல்லியும் அங்கேயே குடியிருக்கும். டிராக்டர் ஏறாத இடம் நிறைய, அங்கே கையால்தான் வேலை. மருந்தடிக்க ஹெலிகாப்டரும் வரும்.

மைஷோஸுக்கு ஒயின் உலகத்தில் தனி இடம் வேறு ஒரு காரணத்துக்காக. 1868 டிசம்பரில் இந்த ஊரின் 18 திராட்சை விவசாயிகள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அப்போது ஆர் பள்ளத்தாக்கே வறுமையில் கிடந்தது. விளைந்த ஒயினை வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டியிருந்தது, கடன் தாங்காமல் கப்பலேறி அமெரிக்கா போனவர்கள் உண்டு. தனித்தனியாக நின்றால் மூழ்கிவிடுவோம் என்று தெரிந்து, பழத்தை ஒன்றாகப் பிழிந்து, ஒன்றாக விற்று, காசைப் பங்கிட்டுக்கொண்டார்கள். உலகின் மிகப் பழைய திராட்சை விவசாயக் கூட்டுறவுச் சங்கமாக இதைத்தான் சொல்கிறார்கள். இன்றும் இயங்குகிறது, சுமார் 150 ஹெக்டேர் அதன் கையில். ரைன் ஆற்றுக்கு அக்கரையில் அதே காலத்தில்தான் ரைஃபைசன் என்ற முன்னாள் ஊர்த்தலைவர் கிராமக் கடன் சங்கங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த ரைஃபைசன் நமக்கு அந்நியரும் இல்லை. 1890-களில் சென்னை மாகாண அரசு பிரெடரிக் நிக்கல்சனை அனுப்பி ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராயச் சொன்னபோது, அவர் கொண்டுவந்த நீண்ட அறிக்கையின் சாரமே ரைஃபைசன் வழியைப் பிடியுங்கள் என்பதுதான். 1904 சட்டமும், நம் ஊர் மூலைக்கு மூலை இருக்கும் கூட்டுறவுச் சங்கங்களும் அதற்குப் பிறகு வந்தவை.

மற்றபடி சுற்றுவட்டாரம் இப்படி: 1137-இல் நிறுவப்பட்ட மரியன்டால் மடத்தின் இடிபாடு, ஆல்டெனாரிலிருந்து கீழே பாட் போடென்டோர்ஃப் வரை கொடிகளுக்கு நடுவே 35 கிலோமீட்டர் நடைபாதை, ஆர்வைலர் அருகே முடிக்கப்படாத ரயில் சுரங்கங்களுக்குள் பனிப்போர் காலத்தில் மேற்கு ஜெர்மனி அரசு ஒளிந்துகொள்ளக் கட்டிய 17 கிலோமீட்டர் பதுங்குகுழி. பான் நகரத்திலிருந்து பக்கம் என்பதால் வார இறுதியில் கூட்டம் வரும். சிறிய விவசாயிகள் வீட்டு முற்றத்திலேயே வருடத்தில் நாலு மாதம் வரை தங்கள் ஒயினை ஊற்றிக் கொடுக்கலாம், நாற்பது இருக்கைக்கு மேல் போடக்கூடாது என்று சட்டம்.

இனி வெள்ளம்.

1804 ஜூலை 21. கோடை இடிமழை, அதே மாதிரி திடீர் பெருக்கு, 63 பேர் சாவு, பாலங்கள் வரிசையாகப் போயின. ரெக் கிராமத்தின் கல்பாலம் நின்றது. 1910 ஜூன் நடுவில் மறுபடியும். இந்த முறை 52 பேர், அவர்களில் நிறையப் பேர் புது ரயில்பாதை போட வந்து தங்கியிருந்த வெளியூர்த் தொழிலாளர்கள். இரண்டும் கோடையில், இரண்டும் மழையால், இரண்டிலும் மரக்கட்டைகள் பாலங்களில் சிக்கி, பாலம் அணையாகி, அணை உடைந்து அலையாகப் பாய்ந்தது. இந்த மூன்றாவது விஷயம் முக்கியம், பிறகு வருகிறேன்.

1910-க்குப் பிறகு பள்ளத்தாக்கு சும்மா இருக்கவில்லை. 1920-களில் மேல் ஆற்றின் கிளை ஓடைகளில் தடுப்பு நீர்த்தேக்கங்கள் கட்டத் திட்டம் வரைந்தார்கள், மொத்தக் கொள்ளளவு சுமார் ஒரு கோடியே 15 லட்சம் கனமீட்டர். கட்டவில்லை. ஏழை ஐஃபெல் மக்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று அதே பகுதியில் 1925-க்கும் 1927-க்கும் நடுவே கட்டப்பட்டது நூர்பர்க்ரிங் கார் பந்தயத் தடம். காசும் கையும் அங்கே போயின, நீர்த்தேக்கத் திட்டம் அலமாரிக்குப் போனது. அந்த ஏழைகளுக்கு அன்று கூலி தேவைப்பட்டது உண்மை, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறகு வந்த எண்பது தொண்ணூறு வருடத்தில் அந்த அலமாரியை ஒருவரும் திறக்காததுதான் குறை.

ஆல்டெனாரில் நீர்மட்ட அளவீடு தொடர்ச்சியாக இருப்பது 1946-க்குப் பிறகுதான். நூறு வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எவ்வளவு என்று அதிகாரபூர்வமாகக் கணக்கிட்டபோது அந்த அளவீடுகளை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். விடை: விநாடிக்கு 241 கனமீட்டர், அதாவது சுமார் 8,500 கனஅடி. அபாய வரைபடத்தில் எந்தத் தெரு நனையும் எந்தத் தெரு நனையாது என்று கோடு போட்டதெல்லாம் இந்த எண்ணை வைத்து. பான் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர்கள் 1804 வெள்ளத்தைப் பழைய பதிவுகளிலிருந்தும் வெள்ளக்குறிகளிலிருந்தும் மறுபடி கணக்கிட்டிருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது சுமார் 1,200 கனமீட்டர், 42,000 கனஅடி. ஐந்து மடங்கு! இந்த ஆய்வு 2021-க்குப் பல வருடம் முன்பே வெளியாகிவிட்டது. யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. ஆனால் கருவி வைத்து அளந்த எண்தான் எண், பாதிரியார் எழுதி வைத்தது கதை என்ற மனப்பான்மை அலுவலகங்களில் ஊறியது. அளந்த எழுபத்தைந்து வருடத்தில் நூறு வருட வெள்ளத்தைத் தேடினார்கள், ஆறு அந்த எழுபத்தைந்து வருடம் தற்செயலாக அமைதியாக இருந்திருக்கிறது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. 2016 ஜூனில் ஒரு வெள்ளம் வந்தது, ஆல்டெனாரில் 3.71 மீட்டர், 236 கனமீட்டர். கிட்டத்தட்ட அந்த 241. இதுதான் நூற்றாண்டு வெள்ளம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அப்போது தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் மனப்பாடம். அந்தப் படிதான் 2021-இல் எமனாக வந்தது.

2021 ஜூலை 14, புதன்கிழமை. 'பெர்ண்ட்' என்று பெயரிடப்பட்ட காற்றழுத்தத் தாழ்வு நகராமல் நின்று, ஊறிய மண்ணின் மேல் பல இடங்களில் 100 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டியது. பிற்பகலிலேயே மாநில நீரியல் துறையின் கணிப்பு ஆல்டெனாருக்கு 5 மீட்டருக்கும் மேல் என்றது. மாலை ஆறு மணி வாக்கில் அதே கணிப்பு 4 மீட்டருக்கு இறங்கி, பிறகு மறுபடி ஏறியது. நடுவில் வந்த அந்தக் குறைந்த எண் எத்தனை பேரை வீட்டிலேயே இருக்கச் செய்திருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. இரவு எட்டே முக்காலுக்கு ஆல்டெனார் அளவுநிலையம் 5.75 மீட்டர் என்று அனுப்பியது. அதுதான் கடைசி. வரைபடத்தில் கோடு நேர்குத்தாக மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அறுந்துவிடுகிறது, ஏனென்றால் அளக்கும் கருவியையே ஆறு கொண்டுபோய்விட்டது. உச்சம் சுமார் 10 மீட்டர் என்று பிறகுதான் மதிப்பிட்டார்கள், நீர்வரத்து 1,000 கனமீட்டர் வாக்கில், 35,000 கனஅடி.

மேலே ஷுல்ட் கிராமத்தில் வீடுகள் இடிந்தபோது மாலை. கீழே சின்சிக்கில் தண்ணீர் ஏறியபோது நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. நடுவில் பல மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தில் ஆல்டெனார், மைஷோஸ், ரெக், டெர்னாவ் என்று ஒவ்வொரு ஊராக விழுந்துகொண்டிருந்தது, சேதி மட்டும் தண்ணீரைவிட மெதுவாக நடந்தது. மாவட்ட நிர்வாகம் வெளியேறச் சொல்லி அறிவிப்பு விட்டது இரவு 11 மணி 9 நிமிடத்துக்கு. அதுவும் கீழ்ப் பகுதி ஊர்களுக்கு, ஆற்றின் இரு கரையிலும் 50 மீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். தண்ணீர் 50 மீட்டரோடு நிற்கவில்லை. சின்சிக்கில் மாற்றுத்திறனாளிகள் இல்லம் ஒன்றின் தரைத்தளத்தில் 12 பேர் தூக்கத்திலிருந்து எழுந்து வெளியே வர வழியில்லாமல் மூழ்கினார்கள். இந்த ஒரு வரியை எழுதிவிட்டு எனக்குக் கொஞ்ச நேரம் மேலே எழுத ஓடவில்லை.

மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? 2016-இன் படியை நினைத்துக்கொண்டு நிலவறையிலிருந்து சாமான்களை மேலே ஏற்றினார்கள், காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்தினார்கள், பம்பை எடுத்து வைத்தார்கள். நிலவறையிலேயே, காரிலேயே மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. டெர்னாவில் பேர்பெற்ற ஒயின் குடும்பத்தின் சகோதரிகள் இருவர் தங்கள் பட்டறையைக் காப்பாற்றப் போய், வெள்ளத்தில் அடித்துச்செல்லப்பட்டு, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக இருட்டில் தொங்கிப் பிழைத்தார்கள்.

பாலங்கள் 1804-இலும் 1910-இலும் செய்ததையே செய்தன. இந்த முறை மரக்கட்டையோடு சுற்றுலா முகாம்களின் கேரவன்களும், கார்களும், எரிவாயு, எண்ணெய்த் தொட்டிகளும் வந்து வளைவுகளில் அடைத்தன. பின்னால் தண்ணீர் ஏறியது, பாலம் உடைந்தது, தேங்கியது மொத்தமும் அடுத்த ஊர் மேல் பாய்ந்தது. அடுத்த ஊரிலும் ஒரு பாலம். 60-க்கும் மேற்பட்ட பாலங்கள் அழிந்தன. இரண்டு பழைய வெள்ளத்தையும் தாங்கிய ரெக் கல்பாலம் இந்த முறை தாங்கவில்லை. பாதி இடிந்து நின்றது, பிறகு மிச்சத்தையும் எடுத்துவிட்டார்கள்.

மழை பெருத்ததில் பருவநிலை மாற்றத்தின் பங்கு எவ்வளவு? அடுத்த மாதமே சர்வதேச அறிவியலாளர் குழு ஒன்று கணக்குப் போட்டுச் சொன்னது: இப்படிப்பட்ட மழையின் தீவிரம் 3 முதல் 19 சதவீதம் கூடியிருக்கிறது, வாய்ப்பு 1.2 முதல் 9 மடங்கு வரை உயர்ந்திருக்கிறது. இதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது. ஆனால் பருவநிலை மாற்றத்தை மட்டும் காட்டிவிட்டு 1804-ஐ மறைத்துவிடுவது சரியில்லை. அப்போது நிலக்கரிப் புகை இவ்வளவு இல்லை, ஆறு மட்டும் இதே ஆறு. அதன் மேல் சரிவுகளில் போட்ட தார்ப்பாதைகளும் வடிகால்களும், நேராக்கிய ஓடைகளும், கரையை நெருக்கிய கட்டடங்களும் தண்ணீரை வேகப்படுத்தின. எது எவ்வளவு என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது.

ஒயினுக்கு என்ன ஆயிற்று என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அந்த மேல்-கீழ் கணக்கு தெரிகிறது. 560 ஹெக்டேரில் ஆற்றோரத் தட்டையான தோட்டங்கள் சுமார் 50 ஹெக்டேர்தான் போயின. மலைச்சரிவில் இருந்த கொடிகள் மறுநாள் காலையில் எதுவுமே நடக்காத மாதிரி பச்சையாக நின்றன. ஆனால் பிழியும் இயந்திரம், மரப்பீப்பாய், உருக்குத் தொட்டி, பாட்டில் கிடங்கு எல்லாம் கீழே, நிலவறையில். வட்டாரத்தின் ஒயின் நிறுவனங்களில் தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. முந்தைய வருட ஒயின் பீப்பாயோடு ரைனுக்குப் போனது. மைஷோஸ் கூட்டுறவுச் சங்கத்தின் கிடங்கிலும் சேறு நிறைந்தது. ஊருக்கு வரும் சாலையும் ரயிலும் அறுந்து, தோட்டத்து வண்டிப்பாதைகள்தான் வழியாகின.

கொடி துக்கம் காக்காது. ஜூலையில் மழை அதிகமென்றால் இலையில் அடிச்சாம்பல் நோய் ஓடும், வாரக்கணக்கில் மருந்தடிக்காவிட்டால் அந்த வருட விளைச்சல் காலி. ஆர் விவசாயிகள் வீட்டிலிருந்து சேற்றை வாரிக்கொண்டிருந்தபோது மோசல், நாஹே, ரைன்ஹெசன், ஃபால்ஸ் வட்டாரங்களிலிருந்து வேற்றூர் ஒயின் விவசாயிகள் தங்கள் டிராக்டரோடும் தெளிப்பானோடும் வந்து அந்தத் தோட்டங்களுக்குள் இறங்கினார்கள். சந்தையில் போட்டியாளர்கள்தானே இவர்கள் எல்லாம்! மலைமேல் ஒரு தொழிற்பேட்டையிலிருந்து தன்னார்வலர்களை பஸ் பஸ்ஸாக இறக்கிய ஏற்பாடும் அரசு செய்ததில்லை, தனியாட்கள் சேர்ந்து ஆரம்பித்தது. இரவல் இயந்திரத்தில் பிழிந்து 2021 அறுவடையைக் காப்பாற்றினார்கள்.

அப்புறம் அந்தப் பாட்டில்கள். சேற்றில் புதைந்து கிடந்த ஏராளமான பாட்டில்களைக் கழுவாமல் அப்படியே விற்றார்கள், 'வெள்ள ஒயின்' என்று பெயர் வைத்து. கழுத்து வரை காய்ந்த பழுப்பு மண், அதில் விரல் பட்ட தடம், லேபிள் பாதி உரிந்து என்ன ஒயின் என்றே தெரியாமல். கார்க் இறுகியிருந்ததால் உள்ளே ஒயின் கெடவில்லை. வாங்கியவர்கள் ரகம் கேட்கவில்லை. 44 லட்சம் யூரோவுக்கு மேல் சேர்ந்தது, ஜெர்மனியில் மக்களிடம் திரட்டிய இப்படிப்பட்ட நிதிகளில் மிகப் பெரியவற்றில் அது ஒன்று. நிறையப் பேர் அந்தப் பாட்டிலை இன்னும் திறக்காமல் வைத்திருக்கிறார்கள்.

பொறுப்பு யாருடையது என்ற கேள்வி சட்டத்தின்படி பெரிதாக எங்கும் போய்ச் சேரவில்லை. அன்றிரவு போலீஸ் ஹெலிகாப்டர் எடுத்த படங்களில் கூரை மேல் இருந்தவர்கள் டார்ச் அடித்து உதவி கேட்பது தெரிந்தது. அது வெளியே வந்த பிறகு 2022 அக்டோபரில் மாநில உள்துறை அமைச்சர் பதவி விலகினார். அன்றைய மாவட்டத் தலைவர் மேல் நடந்த விசாரணையை 2024 ஏப்ரலில் அரசு வழக்கறிஞர் அலுவலகம் குற்றப்பத்திரிகை இல்லாமல் முடித்தது, முன்பே எச்சரித்திருந்தால் இத்தனை உயிர் நிச்சயம் தப்பியிருக்கும் என்று நிரூபிக்க முடியாது என்ற காரணத்தில். சட்டத்தின் அளவுகோல் அது, இருக்கட்டும். சொந்தங்களைப் பறிகொடுத்தவர்கள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன்.

மத்திய அரசும் மாநிலங்களும் வெள்ளம் பாதித்த எல்லாப் பகுதிகளுக்குமாக 3,000 கோடி யூரோ ஒதுக்கின. வால்போர்ட்ஸ்ஹைம் வரை ரயில் 2021 இறுதிக்குள்ளேயே திரும்பியது, அதற்கு மேல் மைஷோஸ்காரர்களுக்குப் பல வருடம் பஸ்தான். வெள்ள அபாயப் பகுதியை 2021 இலையுதிர் காலத்தில் புதிதாக வரைந்தார்கள், பழைய வெள்ளங்களும் இந்த முறை கணக்கில் வந்தன, எண் உயர்ந்தது. ஆனால் இருந்த இடத்தில் திரும்பக் கட்டவே கூடாது என்று சொன்னது 34 வீடுகளுக்குத்தான். மற்றவர்கள் அதே இடத்தில் கட்டிக்கொள்ளலாம், கொஞ்சம் உயர்த்தி, எண்ணெய்த் தொட்டியைக் கட்டிவைத்து. வேறு இடம் எங்கே இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி, மேலே முழுக்கத் திராட்சை. அந்தச் சரிவில் இரண்டு வரிசைக் கொடியை விட்டுக்கொடுத்தால் எத்தனை வீடு ஏறும் என்ற பேச்சை இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

இப்போது மாவட்டத்தின் மேசையில் ஒரு திட்டம் இருக்கிறது. மேல் ஆற்றின் கிளை ஓடைகளில் பதினைந்துக்கும் மேற்பட்ட தடுப்பு நீர்த்தேக்கங்கள், செலவு நூறு கோடி யூரோ வாக்கில், கட்டி முடிக்கப் பத்தாண்டுகள் பல ஆகும். 1920-களில் வரைந்து அலமாரியில் வைத்தார்களே, அதே மேல் ஆற்று ஓடைகள்தான்.